பூரா பட்டி

ஈரப் பெயிண்டைப் பார்த்தும் தொடாமல் போகிற மனிதர் யாராவது இருந்தால் அவரைத் தேடிப் போய்க் கும்பிட வேண்டும். நான் அந்த ரகம் இல்லை. அது அறுபதுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், செம்பூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே தெரிந்துபோயிற்று.

புதுக் காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பேரன் ஓட்டுகிற வயதில் கிடைக்கும் என்று எல்லோரும் கேலி பேசிய காலம். என் வீட்டுக்காரருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவருடைய கம்பெனியில் பெரிய அதிகாரி ஒருவர் கழித்துவிட்ட பழைய காரை ஒரு நாள் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. உடம்புதான் மோசம். பம்பாயின் உப்புக் காற்றைப் பதினைந்து வருஷம் குடித்த தகரம். கதவுக்கு அடியில் விரலை விட்டால் மறுபக்கம் வந்துவிடும். "இதுல ஏறி இறங்குனா ஊசி போட்டுக்கிடணும் போலிருக்கே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காரின் மேல் காதல் வந்துவிட்ட மனுஷனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

தானே பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொன்னார். அதைக் கேட்டு அதிகமாகச் சிரித்தது என் அண்ணன்.

அண்ணனுக்குத் தாராவியில் தோல்பைகள் விற்கிற கடை. தோலில் ஊசிமுனை அளவு பழுது இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கண்ணை என் வீட்டுக்காரர் மேலும் வைத்திருந்தார். இவர் காலண்டர் மாட்ட ஆணி அடித்தபோது சுவர்ப் பூச்சு உதிர்ந்த கதையை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்தவர் அண்ணன்தான். "மாப்ள தங்கமானவுக. ஆனா கையில மட்டும் எதையும் குடுத்துராதீங்க" என்பார். அன்று இரவு என் வீட்டுக்காரருக்குச் சோறு குறைவாக இறங்கும். அது எனக்குத்தான் தெரியும்.

இவர் வேலையைத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் வந்திருந்தார். இவர் பிரஷும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, காருக்குப் பிரஷ்ல பெயிண்டா? இது என்ன ஊர்ல உங்க வீட்டு ஜன்னலா?" என்றார்.

"அடிச்சுக் காட்டுதேன் மச்சான்."

"அடிங்க. வாற அசனத்துக்கு இந்தக் கார்லதான் நீங்க கோயிலுக்கு வரணும். ஒரு பொட்டுக் குறை இல்லாம இருந்தா, சபை பூரா பாக்க உங்க எச்சில் இலைய நான் எடுக்கேன். குறை இருந்தா நீங்க எடுக்கணும் என் இலைய. சரியா?"

"சரி" என்றார் இவர், யோசிக்காமல்.

அசனம் என்றால் எங்கள் தாராவித் தமிழ்ச் சபையார் வருஷத்துக்கு ஒருமுறை ஆராதனை முடிந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அங்கே ஒரு வீட்டு மாப்பிள்ளை மச்சானின் இலையை எடுத்தால் அந்தக் கதை எங்கள் ஊர் திருநெல்வேலி போய்ச் சேரக் கடிதம்கூட வேண்டாம். காலண்டர் ஆணிக் கதை நாலு வருஷம் ஓடியது. இது ஆயுசுக்கும் ஓடும். அண்ணன் எனக்கு உயிர்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் இவர் ஜெயிக்க வேண்டும் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

நாலு வாரம் வேலை நடந்தது. துருவைச் சுரண்டினார். சிவப்பு பிரைமர் அடித்தார். பள்ளம் இருந்த இடத்திலெல்லாம் பட்டி வைத்தார். மரவேலைக்காரர்கள் ஓட்டையை அடைக்கிற அதே வெள்ளைப் பசைதான் அது. ஊரில் ஆசாரிகள் சொல்கிற அதே பெயரையே இவரும் சொன்னார். காலையில் எழுந்ததும் "இன்னைக்குப் பின்கதவுல பட்டி பாக்கணும்", படுக்கும்போது "பட்டி காய்ஞ்சிருக்குமா?" என்று வீட்டில் அதே பேச்சு. பட்டி காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அதில் நானும் உட்கார்ந்தேன். எனக்கு மத்தியானம்தான் பள்ளிக்கூடம்; நான் டீச்சர். கரும்பலகையில் எழுதி எழுதி உரம் ஏறிய கைக்கு இது நல்ல வேலை. தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்வார். "மேடு தெரியுதா?" "தெரியல." "பள்ளம்?" "இல்ல." அப்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்துக்காகவே இன்னும் நாலு கார் தேய்க்கலாம் என்று தோன்றும்.

அசனத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், கடைசிக் கோட்டு அடித்தார். தூசி பறக்காமல் இருக்க வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். இங்க் நீலம். பிரஷிலிருந்து ஒரு மயிர் உதிர்ந்து ஒட்டினாலும் நான் ஊசியால் எடுத்துக் கொடுத்தேன். அடித்து முடித்ததும் அவசரமாகக் குளித்துவிட்டுக் கிளம்பினார். கம்பெனி வேலையாகப் பூனாவில் இரண்டு நாள். சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார்.

"ஏ பிள்ள, ஒருத்தரையும் தொட விட்டுராத."

"நான் இருக்கும்போது யாரு தொடுவா? போய்ட்டு வாங்க" என்றேன்.

காலை முழுக்க காவல் காத்தேன். பால்காரர் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்; விரட்டினேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா "கிதி சான்!", எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டே கிட்டே வந்தார், சிரித்துக்கொண்டே நடுவில் போய் நின்றேன். பிள்ளைகளை "ஹாத் மத் லகாவ்!", கை வைக்காதீர்கள் என்று குடையைக் காட்டி மிரட்டினேன். பள்ளிக்கூடத்துக்கும் லீவு சொல்லியாயிற்று.

பதினோரு மணிக்குமேல் வாசலில் யாரும் இல்லை. நானும் காரும்தான். டிரைவர் பக்கக் கதவில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு பளபளப்பை நான் என் வீட்டுப் பாத்திரத்தில்கூடக் கண்டதில்லை. காய்ந்திருக்கும் என்று தோன்றியது. காய்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வது காவல்காரியின் கடமை என்றும் தோன்றியது. ஆள்காட்டி விரலால், அதுவும் நுனியால்தான், தொட்டேன்.

விரல் வந்தது. கூடவே பெயிண்டும் வந்தது.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் ஒரு பொட்டோடு போயிருக்கும். "கிறிஸ்தவ வீட்டுக் காருக்குப் பொட்டா?" என்று அண்ணன் கேட்கப்போகிற கேள்விகூட என் காதில் அப்போதே விழுந்தது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். பொட்டு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. நூல் நூலாகச் சேலைப் பஞ்சு வேறு ஒட்டிக்கொண்டது. என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் முந்தானையைக் கிழித்துப் போடலாம்போல இருந்தது. நாலு வாரம் அந்த மனுஷன் முதுகு ஒடிந்தது வீணாயிற்றே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

அழுது முடித்தபின் மூளை வேலை செய்தது. காய்ந்த பிறகு தேய்த்து, கொஞ்சம் பட்டி வைத்து, மேலே பூசிவிட்டால் சரியாகிவிடும். ஆனால் அந்தக் கதவில் இனி என் கையை வைக்க எனக்கே துணிச்சல் இல்லை. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் லாரிக்குப் பெயரும் நம்பரும் எழுதுகிற வடக்கத்திக்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை அவரைக் கூட்டிவந்து கதவைக் காட்டினேன்.

என் இந்தி மார்க்கெட்டில் காதால் கற்ற இந்தி. கத்தரிக்காய் வாங்கப் போதும். காரைக் காப்பாற்றப் போதுமா என்று நான் யோசிக்கவில்லை. கறையைத் தொடாமல் சுட்டிக் காட்டி, "பட்டி லகாவ்" என்றேன்.

"பட்டி?" என்று கேட்டுக் காரை ஒரு பார்வை பார்த்தார். "சஃபேத்?"

வெள்ளையா என்று கேட்கிறார். பட்டி வெள்ளையாகத்தானே இருக்கும்? "ஹா, சஃபேத்."

"பூரா?"

இது நம்ம ஊர்ச் சொல்லும்தானே. அரைகுறையாகச் செய்துவிடப் போகிறாரே என்று அழுத்திச் சொன்னேன்: "பூரா! பூரா!"

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு சந்தோஷமா, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். அன்று பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னபோதுகூடத் திட்டவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால் எங்கள் வாசலில் கூட்டம். நடுவில் கார். காரைச் சுற்றி, முன்விளக்கில் தொடங்கி, இரண்டு கதவையும் தாண்டி, பின்பக்கம் வளைந்து, மறுபக்கம் வழியாகத் திரும்பி வந்து சேரும்படி நாலு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல இருந்தது. அவர் பிரஷைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

"யே க்யா?" என்றேன்.

"பட்டி. பூரா" என்றார் அவர், காற்றில் விரலால் ஒரு நீளக் கோடு இழுத்துக் காட்டி.

இந்தியில் பட்டி என்றால் பட்டை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் பட்டி என்பது அவர்களுக்குப் புட்டி. ஒரே ஒரு எழுத்து. அதை மாற்றிச் சொன்னதற்கு என் வீட்டுக்காரரின் இங்க் நீலக் கார் பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த மனுஷரை எப்படித் திட்டுவது? நான் கேட்டதைத்தானே கொடுத்தார்? அதுவும் எவ்வளவு அழகாக! ஏலக்காய் தட்டி டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டி, "தோ ஜகா பே கிஸா" என்றார். இரண்டு இடத்தில் தேய்த்தாராம். நான் கெடுத்தது ஒரே இடம்தானே என்று கேட்க அப்போது எனக்குத் தெம்பில்லை. போகும்போது, இது லாரிப் பலகைக்கு அடிக்கிற கெட்டி வெள்ளை, மேலே காய்ந்தாலும் உள்ளே காய மூன்று நாலு நாள் ஆகும், கை வைக்கக் கூடாது என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனார். எந்த வீட்டில் வந்து அதைச் சொன்னார், பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மீன் குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, மன்னிப்புக் கேட்பதற்குப் பதினைந்து வாக்கியம் தயார் செய்து வாசலில் நின்றேன். இவர் பையோடு வந்தார். காரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றத் தொடங்கினார். மறுபக்கம் சுவரை ஒட்டி நின்றதால் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம்தான். அந்தச் சந்துக்குள் போனவர் வெளியே வரவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. தயார் செய்த வாக்கியமெல்லாம் பறந்துபோக, காரின் இந்தப் பக்கமிருந்தே சொல்லத் தொடங்கினேன். "நான்தாங்க தொட்டேன். ஒரே ஒரு விரல்தான். பொறவு சேலையால தொடச்சேன். பட்டி வைக்கச் சொன்னேன், அவரு பட்டை போட்டுட்டாரு. பூரான்னு வேற சொல்லிட்டேன். நாளைக்கு நான் வேணா அண்ணன் இலைய எடுக்கேன்…"

சந்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்கச் சுவர்ச் சுண்ணாம்போடு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய வெளியே வந்தார்.

"இந்தப் பக்கக் கதவுல ஒரு ஒழுகல் இருந்துச்சு பிள்ள. சுண்டுவிரல் நீளம். கடைசிக் கோட்டு அடிக்கும்போது வழிஞ்சிருச்சு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு அப்படியே விட்டுட்டுப் போனேன். உங்கிட்ட சொன்னா உன் மூஞ்சியப் பாத்தே உங்க அண்ணன் கண்டுபிடிச்சிருவாரு. பூனா போற வழி பூரா அதே நினைப்பு. இப்பப் போய்த் தேடிப் பாரு, எங்க இருக்குன்னு!"

போய்ப் பார்த்தேன். வழவழவென்று வெள்ளைப் பட்டை ஓடியது. தோ ஜகா! அவர் காட்டிய அந்த இரண்டாவது விரலுக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

"தொட்டது எந்த விரல்?" என்று கேட்டார். காட்டினேன். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். "இது மறைச்சதா ஆகாதா? நாளைக்குக் கோயில் வாசல்ல வச்சுப் பொய் சொன்ன மாதிரி…"

"தேச்சு எடுத்தாச்சே. குறை இருந்தாத்தான மறைக்க முடியும்? நீ டீச்சர்தான? பையன் தப்பா எழுதுனத அழிச்சுட்டுச் சரியா எழுதுனா மார்க்கு போட மாட்டியா?"

போடுவேன். முழு மார்க்கும் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தாராவிக்குள் நுழைந்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. நீலமும் வெள்ளையும் வெயிலில் மின்ன, கோயில் வளாகத்தில் கார் நின்றது. பிரசங்கம் பாதி நடக்கும்போது ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இடம் காலியாக இருந்தது. அந்தத் தோல்கடைக் கண் இப்போது காரின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும் என்று தெரிந்ததும் எனக்கு வசனம் ஒன்றும் ஏறவில்லை. கடைசிப் பாட்டுக்குத்தான் அண்ணன் உள்ளே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அசனத்தில் நான் ரசம் பரிமாறினேன். மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து வந்த வாழையிலையில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். இவர் சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார். அண்ணன் எழுந்து வந்து எதிரே நின்றார். நான் ரச வாளியோடு அசையாமல் நின்றேன்.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "எங்க மாப்ள பிரஷ்ல அடிச்ச பெயிண்டுல ஒரு பொட்டுக் குறை இல்ல. பட்டை வேற போட்டிருக்காக, சீமைக் கார் மாதிரி! சொன்ன சொல்லு சொல்லுதான். மாப்ள, எந்திரிங்க."

குனிந்து இலையை எடுத்தார். பந்தியில் எழுந்த சிரிப்பும் கைதட்டலும் சொல்லி முடியாது. என் வீட்டுக்காரர் காது வரை சிவந்துபோய், "விடுங்க மச்சான், விடுங்க" என்று கூச்சப்பட்டார். கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. எனக்கு வாளியைப் போட்டுவிட்டுக் குதிக்கலாம்போல இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். இலையைப் பிடித்திருந்த அண்ணனின் வலது கட்டைவிரலில் வெள்ளைப் பெயிண்ட்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கட்டைவிரலை இலைக்கு அடியில் மடக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, "வாயத் தெறக்காத" என்றார் மெதுவாக. "பூராப் பாத்துட்டேன், ஒரு குறையும் இல்ல. சரி, காய்ஞ்சிருக்கான்னு ஒரு அமுக்கு அமுக்குனேன்… மாப்ளைக்கிட்டச் சொல்லிராத பிள்ள. மனசு கஷ்டப்படுவாக."

நாலு வருஷம் கேலி பண்ணிய என் அண்ணன், இவர் மனசு கஷ்டப்படும் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். சிரிப்பை அடக்கி அடக்கி, ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினேன்.

திங்கட்கிழமை காலை காரைத் துடைக்கப் போனவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏ பிள்ள! இங்க வா. மறுபடியும் தொட்டியா நீ?"

பின்கதவுக் கைப்பிடிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பட்டையின் நடுவில், ரேகையெல்லாம் தெளிவாகத் தெரிய ஒரு கட்டைவிரல். என் விரலைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. அவர் கையில் உப்புத்தாள் தயாராக இருந்தது.

"ஆமா" என்றேன்.

"ஏன்?"

"காய்ஞ்சிருக்கான்னு பாத்தேன்."

அந்த ரேகையை ஒரு தரம் பார்த்துவிட்டு உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும். நீயும்தான் நாலு வாரம் கூடவே தேச்ச. உன் கை பட்ட அடையாளம் ஒன்னாவது இருக்கட்டும்."

அந்தக் காரை எட்டு வருஷம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைத் துடைத்துக்கொண்டே வருவார். அந்த இடம் வந்ததும் துணியை ஒதுக்கிவிட்டு, வெறும் விரலால் மெதுவாகத் தடவி, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். நானும் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று சிரிப்பேன். எட்டு வருஷமும் அவர் அவ்வளவு ஆசையாகத் தடவிக் கொடுத்தது என் அண்ணனின் கட்டைவிரலைத்தான்.